சொகுசுக் கப்பல் என்று நம்பிப் போகலாமா?

“கார்டிலியா கப்பல்ல போலாமா? காசுக்கு வொர்த்தா?”

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்படும் பருவம் வந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வரிசை கட்டி வர ஆரம்பித்துவிடும். நான் போய் வந்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கேட்பவர் புதுமணத் தம்பதியா, பேரன் பேத்தியோடு போகும் தாத்தாவா, கல்லூரி நண்பர் கும்பலா என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாக மாறுகிறது. அதனால் ஆற அமர எல்லாவற்றையும் ஒரே பதிவில் எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்டிலியா நல்ல கொண்டாட்டக் கப்பல். ஆனால் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதற்கு மாட்டிவிட்ட ‘சொகுசுக் கப்பல்’ என்ற பட்டம் அதற்குப் பொருந்தவில்லை. அந்தப் பட்டத்தை நம்பி ஏறியவருக்கு ஏமாற்றம் வரும். கொண்டாட ஏறியவர் அடுத்த பயணத்துக்குத் தேதி பார்ப்பார். ஏன் என்பதுதான் இனி வரப்போவது.

நிறுவனம் புதுசு, கப்பல் பழசு

கார்டிலியா க்ரூசஸ் 2021 செப்டம்பரில் ஐ.ஆர்.சி.டி.சி.யோடு கைகோர்த்து மும்பையிலிருந்து தன் பயணங்களைத் தொடங்கியது. புது நிறுவனம் என்றதும் கப்பலும் புத்தம் புதுசாக இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. கார்டிலியா ஓட்டும் ‘எம்பிரஸ்’ 1990-இல் பயணத்துக்கு வந்த கப்பல். பிரான்சில் செயின்ட் நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. ராயல் கரீபியன் நிறுவனத்தில் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் ஓட ஆரம்பித்து, 2004-இல் ‘எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்’ ஆகி, 2008-இல் ஸ்பெயினின் புல்மான்டூர் நிறுவனத்துக்குப் போய், 2016-இல் மறுபடி ராயல் கரீபியனுக்கே திரும்பியது. மயாமியிலிருந்து கியூபாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2019 ஜூனில் அமெரிக்க அரசு கியூபாவுக்கான கப்பல் சுற்றுலாவைத் தடை செய்தது. அடுத்த வருடமே கொரோனா. 2020 டிசம்பரில் கப்பலை விற்றுவிட்டார்கள். அப்படித்தான் அது நம் பக்கம் வந்து சேர்ந்தது.

வயதைச் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கமில்லை. இந்தக் கப்பலின் பிறவியில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. மயாமியில் வெள்ளிக்கிழமை ஏறி, பஹாமாஸ் தீவுகளைச் சுற்றிவிட்டு திங்கட்கிழமை இறங்கிவிடும் ஆட்களுக்காக, அதாவது மூன்று நான்கு இரவுப் பயணங்களுக்காகவே வடிவமைத்த கப்பல் இது. அப்படி வருகிறவர் அறையில் உட்கார்ந்து புத்தகம் படிக்க மாட்டார். ஆடுவார், சாப்பிடுவார், நீச்சல் குளத்தில் கிடப்பார், காசினோவில் கொஞ்சம் பணத்தை விடுவார், நடு இரவுக்கு மேல் வந்து படுக்கையில் விழுவார். அதனால் அறைகளைச் சின்னதாக வைத்துவிட்டு இடத்தையெல்லாம் பொதுக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். பல தளங்களை ஊடுருவி நிற்கும் நடுமுற்றம், பெரிய அரங்கம், காசினோ, மேல்தளத்தில் குளம்.

கார்டிலியா இதைக் கொண்டுவந்து வாரக் கடைசி இந்தியக் கூட்டத்துக்குக் கொடுத்தது உண்மையில் பொருத்தமான தேர்வு. அறையைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதில்லை.

அறை: இங்கேதான் பாதிப் பேரின் மனசு உடைகிறது

இருப்பதிலேயே விலை குறைந்த ‘இன்டீரியர்’ அறை சுமார் 120 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள்ளேயே குளியலறை, அலமாரி, மேசை, கட்டில் எல்லாம். ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் காலை ஆறு மணியும் நள்ளிரவும் ஒன்றுதான். மூன்றாவது, நான்காவது ஆள் இருந்தால் கூரையோரம் மடித்து வைத்திருக்கும் படுக்கையைச் சாயங்காலம் இறக்கிவிடுவார்கள், ரயிலின் மேல் படுக்கை மாதிரி ஏணி வைத்து ஏற வேண்டும். நான்கு பேர், நான்கு பெட்டி, ஒரே குளியலறை. யார் முதலில் குளிப்பது என்பதற்கு வீட்டில் இருக்கும் அதே பஞ்சாயத்து கடலிலும் நடக்கும்.

‘ஓஷன் வியூ’ என்றால் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். பால்கனி வேண்டுமென்றால் ‘மினி சூட்’ அல்லது அதற்கு மேல். 1990-இல் கப்பல் கட்டியவர்களுக்குப் பால்கனி ஒரு பெரிய விஷயமே இல்லை. இந்தக் கப்பலில் பத்து அறைக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூடப் பால்கனி கிடையாது. விளம்பரத்தில் ஒரு தம்பதி பால்கனியில் நின்று சூரிய உதயம் பார்ப்பார்களே, அந்தக் காட்சி கப்பலில் ஏறுபவர்களில் மிகச் சிலருக்கு மட்டுமே வாய்க்கும்.

பதிவு செய்யும்போது அறையின் பரப்பையும் வகையையும் பார்க்காமல் ‘சென்னை டு விசாகப்பட்டினம், ஐந்து இரவு’ என்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டினால், கதவைத் திறந்த கணத்தில் முகம் சுருங்கத்தான் செய்யும்.

உண்மையான சொகுசை எப்படி அளப்பது?

கப்பல் தொழிலில் இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கப்பலின் மொத்தக் கொள்ளளவு எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். செய்திகளில் ‘இத்தனை ஆயிரம் டன் கப்பல்’ என்று போடுவார்களே, அந்த எண். அது எடை இல்லை, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. வகுத்து வரும் விடை ஒரு பயணிக்கு எவ்வளவு இடம் என்று சொல்லிவிடும். கூட்டம், வரிசை, குளத்தருகே நாற்காலி கிடைக்குமா, சாப்பாட்டு மேசைக்குக் காத்திருக்க வேண்டுமா எல்லாம் இந்த ஒரே எண்ணில் அடக்கம்.

எம்பிரஸ் 48,563. அறைக்கு இரண்டு பேர் வீதம் சுமார் 1,600 பயணிகள். வகுத்தால் 30. நம் ஊரில் யார் இரண்டு பேராகப் போகிறார்கள்? மேல்படுக்கை எல்லாம் நிரம்பினால் 2,000 பேரைத் தாண்டும். அப்போது 24.

இதே காலகட்டத்தில் உலகில் தொடங்கிய இரண்டு புதிய சொகுசு நிறுவனங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்.எஸ்.சி. குழுமத்தின் ‘எக்ஸ்ப்ளோரா ஜர்னீஸ்’ 2023-இல் இறக்கிய ‘எக்ஸ்ப்ளோரா 1’ கப்பலின் அளவு 63,900, பயணிகள் 922. விடை 69. ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்காரர்களின் ‘எவ்ரிமா’ சுமார் 26,500, பயணிகள் 298. விடை கிட்டத்தட்ட 89. எக்ஸ்ப்ளோராவில் எல்லா அறைகளும் கடலைப் பார்த்தவை, எல்லாவற்றுக்கும் பால்கனி. இருப்பதிலேயே சின்ன அறை, பால்கனியையும் சேர்த்து 35 சதுர மீட்டர். நம் இன்டீரியர் அறையைப் போல மூன்று மடங்கு.

விலையும் அப்படித்தான். அங்கே ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு குட்டிப் பயணமே பல நேரம் முடிந்துவிடும். அதனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘இவர்கள் மோசம்’ என்று சொல்வது அநியாயம். ஆனால் அவற்றையும் இதையும் ‘சொகுசுக் கப்பல்’ என்று ஒரே பெயரால் அழைப்பதும் அதே அளவு அநியாயம்.

பெரிய இடம் என்றால் எல்லாம் கச்சிதமாக நடந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். எவ்ரிமாவை 2017-இல் அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் முதல் பயணம் என்று பதிவும் செய்துகொண்டார்கள். ஸ்பெயினின் விகோவில் கப்பல் கட்டிய தளமே பணச் சிக்கலில் மாட்டி, தேதி தள்ளித் தள்ளிப் போய், 2022 அக்டோபரில்தான் பார்சிலோனாவிலிருந்து கிளம்பியது. எக்ஸ்ப்ளோரா 1, 2023 ஜூலையில் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்ப வேண்டியது. தீத்தடுப்புப் பலகைகள் சில தரத்துக்குப் பொருந்தவில்லை என்று கடைசி நேரத்தில் தெரியவர, அவற்றை மாற்றிவிட்டு ஆகஸ்ட் 1 அன்று கோபன்ஹேகனிலிருந்துதான் முதல் பயணம் போனது. எந்தப் புதுக் கப்பல் நிறுவனமானாலும் முதல் வருடத்துப் பயணி கொஞ்சம் பரிசோதனை எலிதான்.

சாப்பாடும் கூத்தும்: இங்கே முழு மதிப்பெண்

இப்போது நல்ல பக்கத்துக்கு வருவோம்.

மேல்நாட்டுக் கப்பலில் போன நம் ஊர் சைவக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ரொட்டி, பழம், உருளைக்கிழங்கு என்றே நாலு நாளை ஓட்டியிருப்பார்கள். கார்டிலியாவில் அந்தக் கவலையே கிடையாது. சைவத்துக்கும் ஜைனச் சாப்பாட்டுக்கும் தனி ஏற்பாடு. இட்லி தோசையும் உண்டு, பாவ் பாஜியும் உண்டு, பிரியாணியும் உண்டு. மாமியாரையும் மாமனாரையும் அழைத்துப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

மாலை ஆனால் அரங்கத்தில் பாலிவுட் நடனம், மேஜிக், நகைச்சுவை. முற்றத்தில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். குளத்தருகே டி.ஜே. குழந்தைகளுக்குத் தனிக் கூடம், பாறையேற்றச் சுவர். ஓர் இரவு நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. குளத்தைச் சுற்றி எழுபது வயதுப் பாட்டி ஒருவர் பட்டுப்புடவையில், ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார். மகன் செல்போனில் படம் எடுக்க, மருமகள் பின்னால் நின்று விசில் அடித்தார். தெரியாத குடும்பங்கள் நாலைந்து அதில் கலந்துகொண்டன. கடலில் மிதக்கும் கல்யாண மண்டபம் என்று சொன்னால் சரியாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, சத்தத்துக்குப் பஞ்சமில்லை, சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ்.

கல்யாண மண்டபத்தில் தனிமை கேட்டால் கிடைக்குமா? அமைதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார நினைத்தால் விடியற்காலை ஐந்தரைக்கு மேல்தளம் போங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது.

சீட்டு விலை ஒன்று, இறங்கும்போது கணக்கு வேறு

கட்டணத்தில் அறை, பொது உணவகங்களில் சாப்பாடு, நிகழ்ச்சிகள், குளம், உடற்பயிற்சிக் கூடம் அடங்கும். மது, குளிர்பானம், வைஃபை, ஸ்பா, சிறப்பு உணவகம், கரையில் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு இவையெல்லாம் தனி. துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான சேவைத்தொகை, வரி ஆகியவையும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்ட தொகைக்கு மேல்தான் வரும். இது கார்டிலியா மட்டும் கண்டுபிடித்த வித்தை இல்லை. உலகெங்கும் பெரிய கப்பல் நிறுவனங்களின் வியாபாரமே இப்படித்தான். சீட்டை மலிவாகக் கொடுத்துவிட்டு உள்ளே வைத்துச் சம்பாதிப்பார்கள். எக்ஸ்ப்ளோரா, ரிட்ஸ்-கார்ல்டன் மாதிரியான இடங்களில் மதுவும் சேவைத்தொகையும் முதலிலேயே விலையில் ஏற்றப்பட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது கடைசிப் பக்கத்தில், ‘பணம் செலுத்து’ பொத்தானுக்கு மேலே வரும் தொகையை. அதோடு கரை தாண்டியதும் செல்போன் சிக்னல் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அலுவலகத்துக்குப் பதில் சொல்லியே தீர வேண்டிய ஆள் என்றால் வைஃபைக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கப்பல் ஏன் சென்னைக்கு வருகிறது, எங்கே போகிறது?

எம்பிரஸின் தாய்வீடு மும்பை. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அரபிக்கடல் கொந்தளிக்கும், அங்கே உல்லாசப் பயணம் ஓட்ட முடியாது. அந்த மாதங்களில் நம் பக்கத்துக் கடல் ஒப்பீட்டளவில் சாதுவாக இருக்கும். அதனால்தான் ஜூன் வாக்கில் கப்பல் சென்னைக்கு வருகிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் மேற்கே திரும்பிவிடும். இந்தக் காரணம் தெரிந்தால், ‘டிசம்பர் லீவுல சென்னையிலிருந்து ஏன் இல்லை?’ என்று கேட்க மாட்டீர்கள்.

சென்னையிலிருந்து முதல் பயணத்தை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி போய்த் திரும்பும் பயணமும், எங்கேயும் இறங்காமல் ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பும் பயணமும் இருந்தன. ஒரே வாரத்தில் சிக்கல் வந்தது. புதுச்சேரியில் காசினோவைக் காட்டி எதிர்ப்பு கிளம்பியது, அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் அனுமதி இல்லை என்றார். ஜூன் 10 அன்று புதுச்சேரிக் கடற்பரப்பு வரை வந்த கப்பல், ஆட்களை இறக்காமலே திரும்பியது. 2025 ஜூலையில்தான் கார்டிலியா பயணிகள் புதுச்சேரியில் கால் வைக்க முடிந்தது. அதுவும் கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சின்னப் படகுகளில் கரைக்கு வந்தார்கள். அப்போதும் எதிர்ப்பு இருந்தது.

இதில் பயணிக்கு ஒரு பாடம் இருக்கிறது. நிறுவனம் எவ்வளவு நன்றாகக் கப்பலை நடத்தினாலும், துறைமுகமும் அரசும் ஒத்துழைக்காவிட்டால் பயணத்தின் பாதி போய்விடும். மேற்கே கரீபியக் கடலில் தீவுக்குத் தீவு கப்பல் அணையத் துறை இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் இவ்வளவு பெரிய கப்பல் வந்து நிற்க, பயணி இறங்கிச் சுற்றிப் பார்க்க வசதியான இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இலங்கைப் பயணம் வந்த பிறகுதான் ‘எங்கேயோ போனோம்’ என்ற திருப்தி கிடைக்க ஆரம்பித்தது. 2023 ஜூன் 5 அன்று சென்னையில் 17.21 கோடி ரூபாயில் கட்டிய பன்னாட்டுப் பயணியர் முனையத்தைத் திறந்து, அங்கிருந்தே இலங்கைக்கு முதல் கப்பலையும் அனுப்பினார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. ஜூன் 16 அன்று கப்பல் காங்கேசன்துறைக்குப் போனபோது யாழ்ப்பாணத்தில் அது பெரிய செய்தி. என்னைக் கேட்டால், எம்பிரஸில் கொடுக்கும் காசுக்கு மிகச் சரியான பயணம் இதுதான். ஆழ்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம், கப்பல் எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க மட்டும்.

இதற்கு முன் வந்தவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தியாவில் உல்லாசக் கப்பல் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால் விமர்சனத்தில் கொஞ்சம் கருணையும் கலந்துவிடும். 2011-இல் சென்னையைச் சேர்ந்த அமெட் நிறுவனம் ‘அமெட் மெஜஸ்டி’ கப்பலை ஓட்டிப் பார்த்தது, நீடிக்கவில்லை. 2019-இல் எஸ்ஸெல் குழுமத்தின் ‘ஜலேஷ் க்ரூசஸ்’ பெரிய ஆரவாரத்தோடு ‘கர்ணிகா’ என்ற கப்பலைக் கொண்டுவந்தது. அதுவும் 1990-இல் பிறந்த கப்பல்தான். கொரோனா வந்தது, 2020-இல் கடை சாத்தினார்கள். கர்ணிகா குஜராத்தின் அலங்கில் உடைக்கப்பட்டது. அந்த வரிசையில் கார்டிலியா நின்று பிடித்திருப்பதே ஒரு சாதனை.

அடுத்ததாக நார்வேஜியன் நிறுவனத்திடமிருந்து ‘நார்வேஜியன் ஸ்கை’, ‘நார்வேஜியன் சன்’ என்ற இரண்டு கப்பல்களை வாடகைக்கு எடுப்பதாக அறிவித்திருக்கிறார்கள். ஸ்கை 1999-இல் வந்தது, சன் 2001-இல். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் ஸ்கைக்கு 38 வருகிறது. எம்பிரஸின் 30-ஐ விட நிச்சயம் தாராளம், பால்கனிகளும் கூடுதல். அதுவும் மயாமி–பஹாமாஸ் வழியில் நீண்ட காலம் குட்டிப் பயணங்கள் ஓட்டிய கப்பல் என்பதைக் கவனியுங்கள். நிறுவனம் தன் வாடிக்கையாளர் யார் என்று தெளிவாகத் தெரிந்துதான் கப்பல் பிடிக்கிறது. விளம்பரத்திலும் அந்தத் தெளிவு வந்துவிட்டால் பாதிப் புகார் தானாகக் குறைந்துவிடும்.

யார் போகலாம், எப்படிப் போகலாம்?

மூன்று தலைமுறைக் குடும்பமா? தாராளமாகப் போங்கள். நான்கு பேர் ஓர் அறையில் அடையாமல் இரண்டு அறையாக எடுங்கள். பணம் இடித்தால் பயண நாளைக் குறைத்துக்கொண்டாவது அறையைக் கூட்டுங்கள்.

நண்பர் கும்பலா? இன்டீரியர் அறையே போதும். நீங்கள் எப்படியும் தூங்கப் போவதில்லை.

தேனிலவா? பால்கனி கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் அதே பணத்தில் மூணாறோ அந்தமானோ போய் வாருங்கள்.

தலைசுற்றல், வாந்தி பயம் உள்ளவரா? கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போடாமல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு முன்பே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லாரையும் அழைப்பார்கள். ‘சும்மா சடங்கு’ என்று குளத்தருகே உட்கார்ந்துவிடாதீர்கள். 2012-இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். கப்பல் புறப்படுவதற்குள்ளேயே பயிற்சியை முடிக்க வேண்டும் என்று விதியை இறுக்கியது அதற்குப் பிறகுதான். உங்கள் கூடுமிடம் எது, அறையிலிருந்து அங்கே எந்தப் படிக்கட்டு வழியாகப் போக வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் நடத்திக் காட்டிவிடுங்கள்.

சரி, எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறதா? சாப்பாடு, கேளிக்கை, குடும்பக் கூட்டம் என்று கேட்டால், ஆமாம், தாராளமாக. இடம், அமைதி, உபசாரம் என்று கேட்டால், இல்லை, அந்தக் கப்பலின் உடலமைப்பே அதற்கு இடம் கொடுக்காது. அறையின் சதுர அடி, கடைசிப் பக்கத்துத் தொகை, கப்பல் எத்தனை ஊரில் உங்களை இறக்கிவிடும் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, ‘இது போதும்’ என்று தோன்றினால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள். அப்படிக் கட்டிப் போனவர்கள் திரும்பி வந்து என்னிடம் சண்டைக்கு நின்றதில்லை.

போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். எந்த அறை, எந்த மாதம், என்ன வழி என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்துப் போகிறவருக்கு உதவியாக இருக்கும்.